சிவப்பு லைட்டுக்குக் காசு சேர்க்க முன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகள் முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

கடந்த சில மாதங்களாக எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களைத் திறந்தால் ஒரே லைட் விளம்பரம்தான். முழங்கால் வலிக்குச் சிவப்பு லைட், சீனி வருத்தக்காரரின் கால் விறைப்புக்குச் சின்னச் சின்ன லைட் பதித்த பட்டி, முகப்பருவுக்கு லைட் முகமூடி, வெண்புள்ளிக்குக் கையடக்கமான ஊதா லைட். எல்லாவற்றிலும் ஒரே வசனம்: வீட்டிலிருந்தே சிகிச்சை, பக்கவிளைவு இல்லை, மருந்து தேவையில்லை. சென்ற வாரம் இது ஒரு படி மேலே போனது. சீனியால் பாதம் விறைத்துப்போன ஒரு தாய்க்கு இப்படியொரு சாதனம் வாங்கிக் கொடுக்கவென்று பழைய மாணவர் குழுமமொன்றில் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல மனது. அந்தப் பிள்ளைகளின் மனதை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அவர்களே எங்களிடம் கேட்டார்கள்: "சேர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவங்கதானே, இது வேலை செய்யுமா?"

நாங்கள் டொக்டர்கள் இல்லை. ஒளியைப் பற்றி வகுப்பில் படிப்பிக்கிறவர்கள், அவ்வளவுதான். என்றாலும் கேட்ட கேள்விக்குத் தேடி வாசித்துப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. வொயிஸ் மெசேஜில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறோம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அந்தக் காசு அந்த லைட்டுக்குப் போகக்கூடாது.

இதைச் சொன்னதும் சிலர் "ஒளியில் மருத்துவம் இருக்கிறது என்பதை நீங்கள் மறுக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். மறுக்கவில்லை. 1903ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசே ஒளிச் சிகிச்சைக்குத்தான் கொடுக்கப்பட்டது. பரோ தீவுகளில் பிறந்த நீல்ஸ் ஃபின்சன் என்ற டொக்டர், தோலில் வரும் காசநோயைச் செறிவான ஒளியால் குணப்படுத்திக் காட்டினார். அந்தக் காலத்தில் அந்த நோய் முகத்தையே அரித்துத் தின்றுவிடும், அதற்கு வேறு மருந்தும் இல்லை.

இன்னொரு சம்பவம் எங்களுக்கு அதைவிடப் பிடித்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரி. ஆண்டு 1956. ஜீன் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளுக்குக் காற்றும் வெயிலும் நல்லது என்று நம்பி, நல்ல காலநிலை உள்ள நாட்களில் அவர்களை முற்றத்துக்குக் கொண்டு போவார். ஒருநாள் டொக்டரிடம் ஒரு பிள்ளையைத் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. ஒரு முக்கோணத் துண்டு மட்டும் கடும் மஞ்சளாகவே இருந்தது. ஏதும் மருந்து பூசினீர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை, அந்த இடத்தைத் துணியின் மூலை மூடியிருந்தது, மற்ற இடமெல்லாம் வெயில் பட்டது, அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து, கடும் மஞ்சள் காமாலை உள்ள ஒரு பிள்ளையின் இரத்தக் குழாயொன்று யன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்டது. பிறகு சோதித்துப் பார்த்தால் அதிலிருந்த பிலிரூபின் அளவு எதிர்பாராத அளவுக்குக் குறைந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த டொக்டர் கிரீமரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1958இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். இன்று எமது ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி நீல லைட்டின் கீழ் படுக்க வைப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆக, ஒளி மருந்துதான். மருந்து என்றால் மருந்துக்குரிய கேள்விகளையும் கேட்க வேண்டும். "மாத்திரை குடித்தேன், சுகம்" என்று ஒருவர் சொன்னால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், என்ன வருத்தத்துக்கு என்று கேட்போமா இல்லையா? லைட் என்றவுடன் மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகளுக்கு மின்காந்தத் திருசியத்தைப் படிப்பிக்கும்போது அலைநீளங்களைக் கோடு போட்டுக் காட்டுவோம். பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த விளம்பரங்களை விளங்கிக்கொள்ள அந்தக் கோடே போதும். பிறந்த பிள்ளையின் பிலிரூபினை மாற்றுவது 460 முதல் 490 நனோமீற்றர் வரையான நீல ஒளி. சொரியாசிஸ் என்ற செதில் நோய்க்கும் வெண்புள்ளிக்கும் டொக்டர்கள் பாவிப்பது 311 நனோமீற்றர் அளவிலான புறஊதாக் கதிர். அது கண்ணுக்கே தெரியாது. முழங்காலுக்குப் பிடிக்கும் சிவப்புக் குமிழின் வேலை பெரும்பாலும் செந்நிறக் கீழ்க் கதிர், அதாவது வெறும் சூடு. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. கொவிட் காலத்தில் கிருமி கொல்லவென்று சந்தைக்கு வந்த 254 நனோமீற்றர் விளக்குகளும் "யூ.வி. லைட்" என்ற அதே பெயரில்தான் விற்கப்பட்டன. அதைத் தோலுக்குப் பிடித்தால் தோல் எரியும், கண்ணில் பட்டால் மணல் போட்டதுபோல் அறுக்கும். அதைக் கையில் பிடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அப்போது எச்சரித்தது. பெட்டியில் "யூ.வி." என்று மட்டும் எழுதி அலைநீளத்தை எழுதாத எதையும் வெண்புள்ளிக்கு வாங்காதீர்கள்.

இனி அந்தத் தாயின் பாதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எமது ஊரில் சீனி இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம்.

சீனி நெடுநாள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நரம்புகள் பழுதாகும். முதலில் பாதுகாப்பை இழப்பது கால்தான். எரிவு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு விறைப்பு. விறைப்பு வந்த பிறகு செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, ஜும்ஆவுக்குப் போகும் வழியில் கொதிக்கும் தார் வீதி சுட்டாலும் தெரியாது. சூடு தாங்க முடியாமல் நாம் காலை இழுத்துக்கொள்கிறோமே, அந்த எச்சரிக்கை மணி அவர்களுக்கு அறுந்துவிட்டது. அப்படியான காலுக்கு முன்னால் ஒரு சூட்டு விளக்கை வைத்துவிட்டு "சுட்டால் எடுங்கோ உம்மா" என்றால் என்ன அர்த்தம்? அவவுக்குச் சுடாது. அடுத்த நாள் காலையில் கொப்புளம் இருக்கும். சீனிக்காரருக்கு இரத்த ஓட்டமும் குறைவு. சூடு பட்ட தசை கூடுதல் இரத்தம் கேட்கும், ஒடுங்கிய நாடிகளால் அதைக் கொடுக்க ஏலாது. கொப்புளம் புண்ணாகும், புண் ஆறாது. அதன் பிறகு நடப்பதை எழுதத் தேவையில்லை. விரல் போனவர்களும் கால் போனவர்களும் எமது தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவிலும் இதே செந்நிறக் கீழ்க் கதிர் விளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் விளக்கைப் போட முன் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்பது அவர்களின் விதி. ஒரு குழாயில் சுடுநீர், இன்னொன்றில் குளிர்நீர். கண்ணை மூடச் சொல்லித் தோலில் மாற்றி மாற்றி வைத்து எது சூடு, எது குளிர் என்று கேட்பார்கள். சொல்ல முடியாதவருக்கு அந்த விளக்கு இல்லை. தூரத்தையும் அளந்து வைப்பார்கள். சிறிய ஒளி முதலைப் பாதித் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் படும் சக்தி இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதையும் நாம் வகுப்பில் படிப்பிக்கத்தான் செய்கிறோம். விளம்பரத்தில் குழாயும் இல்லை, தூரமும் இல்லை.

"அது சூட்டு விளக்கு சேர், இது சுடாத லைட் பட்டி" என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். விறைத்த பாதத்துக்குச் செந்நிறக் கீழ்க் கதிர் விடும் அப்படியான சாதனமொன்று அமெரிக்காவில் நன்றாக விற்பனையானது. அதை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 2008இல் நீரிழிவுக்கான மருத்துவச் சஞ்சிகையொன்றில் வந்தது. உணர்வு குறைந்த 69 நோயாளிகள். பாதிப்பேருக்கு உண்மையான சாதனம், மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதேபோன்ற போலிச் சாதனம். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. வீட்டிலேயே நாளுக்கு 40 நிமிடம், 90 நாட்கள். முடிவில் உண்மைச் சாதனம் போலியைவிட எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. அதற்கு முன்பே, 2006இல், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் இந்த வருத்தத்துக்கு இவ்வகைச் சாதனங்களுக்குக் காசு கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அங்கே காப்புறுதி கைவிட்ட ஒன்றுக்கு இங்கே நாம் சதகா சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

"என் மாமிக்குச் சுகம் வந்ததே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாம் நினைக்கவில்லை. தினமும் நாற்பது நிமிடம் காலை நீட்டி அமர்ந்திருப்பதும், பேரப்பிள்ளை வந்து பட்டியைக் கட்டிவிடுவதும், இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினோமே என்ற நம்பிக்கையும் மனிதருக்கு ஆறுதலைத் தரத்தான் செய்யும். அந்த ஆறுதலை நாம் பறிக்க விரும்பவில்லை. அது லைட்டின் வேலையா, பேரப்பிள்ளையின் வேலையா என்று பிரித்துப் பார்க்கத்தான் போலிச் சாதனம் வைத்துச் சோதிக்கிறார்கள். எமக்குள்ள பயமெல்லாம், ஆறுதல் வந்ததும் கிளினிக் போவது நின்றுவிடும் என்பதுதான். "இப்ப கொஞ்சம் சுகம்தானே" என்று மெட்ஃபோர்மினையும் நிறுத்திவிடுவார்கள். சீனி தன்பாட்டில் ஏறும்.

அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. சீனி கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையொன்றால் பாதத்தைத் தொட்டு எங்கெங்கே உணர்வு போயிருக்கிறது என்று பார்ப்பார்கள், அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். போய்வர ஓட்டோக் கூலி, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, உள்ளே தையல் உறுத்தாத மூடிய சப்பாத்து ஒரு சோடி. இவ்வளவும் அந்தப் பட்டியின் விலைக்குள் அடங்கும். வுழூ செய்யும்போது பாதத்தைப் பார்க்கும் பழக்கத்தையும் வீட்டில் உண்டாக்குங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை காலைக் கழுவுகிறோம். கழுவிய பிறகு விரல் இடுக்குகளை ஒத்தித் துடைத்துவிட்டு, பாதத்தின் அடியை ஒரு கண்ணாடியில் பார்த்தால் போதும். அவவுக்குப் பார்வை குறைவென்றால் பிள்ளைகள் பார்க்கட்டும்.

உணர்வு சரியாக உள்ளவரின் இடுப்பு வலிக்கோ தோள் வலிக்கோ சூட்டு விளக்கு பிடிப்பதைப் பற்றி எமக்குச் சண்டை இல்லை. சுடுநீர்ப் பை தருகிற இதத்தை அதுவும் தரும். தேய்ந்த மூட்டை அது வளர்க்காது. தூங்கிவிடாமல் இருந்தால் சரி.

வீட்டு லைட் எல்லாமே ஏமாற்று என்று யாரும் இதை வாசித்துவிட்டு முடிவெடுக்கக்கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களின் கதை வேறு. அந்தச் சிகிச்சைக்கு வாரத்தில் மூன்று நாள், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லைட்டின் கீழ் நிற்பது சில நிமிடங்கள்தான், ஆரம்பத்தில் சில விநாடிகள்கூட இருக்கும். அதற்காகப் பஸ்ஸில் ஒரு முழு நாள் போகும். கூலிக்குப் போகிறவர் எப்படிப் போவார்? நாலு தடவை போய்விட்டு விட்டுவிடுவார். நெதர்லாந்தில் 196 நோயாளிகளை வைத்து வீட்டுச் சிகிச்சையையும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள், முடிவு 2009இல் வந்தது. அமெரிக்காவில் 783 பேரை வைத்துச் செய்த இன்னும் பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. இரண்டிலும் வீட்டில் எடுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் அங்கே நோய் இன்னதென்று டொக்டர் முடிவு செய்திருந்தார், அளவுத்திட்டம் இருந்தது, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இருந்தது, திரும்பிப் போய்க் காட்ட ஒரு இடமும் இருந்தது.

எமது நாட்டுக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. தோல் நோய்ப் பிரிவின் டொக்டர் எழுதிக் கொடுக்கிறார், ஊரில் ஒரு நலன்புரிச் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஒரு நல்ல சாதனத்தை வாங்கி வைத்து, கடிதத்தோடு வருகிறவருக்கு மாற்றி மாற்றி இரவல் கொடுக்கிறது. சக்கர நாற்காலியும் ஒட்சிசன் சிலிண்டரும் இப்படித்தானே பல ஊர்களில் இரவல் போகின்றன? எமது வகுப்புகளில் வெண்புள்ளியை மறைக்க வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையோடு வந்து கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அவர்களின் உம்மாமார் இரவில் போனைத் தடவி இந்த விளம்பரங்களைப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. வெண்புள்ளி தொற்றாது, குஷ்டமும் இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது சமூகத்தின் குறை.

ஒரு இடைக்குறிப்பு. சில மருந்துகள் தோலை ஒளிக்குக் கூச வைக்கும். வயல்காரர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கிற டொக்சிசைக்ளின் அவற்றில் ஒன்று. அதைக் குடித்துக்கொண்டு புறஊதா லைட்டின் கீழ் நின்றால் என்னவாகும் என்று விற்கிறவர் சொல்லமாட்டார். பரு முகமூடியும் அப்படித்தான். சில வகைக் கண் நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு வரலாம் என்று 2019இல் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனமே தனது முகமூடியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பிறகு, மனச்சோர்வுக்கென்று 10,000 லக்ஸ் லைட் பெட்டி விற்கிறார்கள். அது மாரியில் சூரியனைக் காணாத நாட்டவர்களுக்காக வந்தது. அவர்களுக்கு அது உதவுகிறது, உண்மை. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற நாம் அதற்குக் காசு கொடுக்க முன் காலையில் முற்றத்துக்கு வந்து பார்க்கலாம்.

விற்கிறவரிடம் கேட்கவும் வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவச் சாதனங்களும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. "இது அங்கே பதியப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன?" என்று கொமெண்டில் கேளுங்கள். பதில் வராது, அல்லது உங்களை புளொக் பண்ணுவார்கள். அதுவும் ஒரு பதில்தான். அமெரிக்க எஃப்.டி.ஏ. சான்றிதழ் என்று கழுகுப் படம் போட்ட தாளைக் காட்டினால் மயங்க வேண்டாம். அங்கே ஒரு நிறுவனம் தன்னைப் பதிந்துகொள்வதற்கும் அதன் சாதனத்தை அவர்கள் அங்கீகரிப்பதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாகப் பச்சைப் பிள்ளைகள். ரொச்ஃபோர்ட் சம்பவத்தை மேலே எழுதியதால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. "அப்ப பிள்ளையை வெயிலில் காட்டினால் போதும்தானே" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நைஜீரியாவின் லாகோஸில் வெயிலாலேயே மஞ்சளுக்குச் சிகிச்சை செய்து பார்த்து, 2015இல் வெற்றியென்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே புறஊதாவையும் சூட்டையும் வடிகட்டும் விசேட படலம் போட்ட பந்தல், பிள்ளையின் உடல் வெப்பத்தை அளந்துகொண்டு பக்கத்தில் தாதிமார், இரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தன. எமது முற்றத்தில் பத்து நிமிட வெயில் அதுவல்ல. வீட்டு டியூப் லைட்டும் அதுவல்ல, ஒன்லைனில் வாங்கும் நீல பல்பும் அதுவல்ல. பிலிரூபின் கூடி மூளைக்குப் போனால் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம், கை கால் இயக்கம் வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்படலாம். சரியான நேரத்தில் ஆஸ்பத்திரியின் நீல லைட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒன்று அது.

எமது வீடுகளில் ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கிறது. நாற்பது நாள் என்று தாயையும் பிள்ளையையும் யன்னல் சாத்திய, திரை போட்ட அறையில் வைக்கிறோம். அந்த அரை இருட்டில், மஞ்சள் பல்பின் கீழ், பிள்ளையின் நிறம் மாறுவது யாருக்கும் தெரியாது. நாற்பதை விடச் சொல்லவில்லை, திரையைத்தான் விலக்கச் சொல்கிறோம். பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் நெற்றியையும் நெஞ்சையும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள், கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். மிட்வைஃப் மிஸ் முதல் பத்து நாட்களுக்குள் வீடு தேடி வருவா. அவவை முன் விறாந்தையில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பாமல் அறைக்குள் கூட்டிப்போய் வெளிச்சத்தில் பிள்ளையைக் காட்டுங்கள். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மலம் வெள்ளையாகப் போனாலோ, அப்போது எந்த லைட்டையும் தேடாதீர்கள், மூத்தம்மாவின் அபிப்பிராயத்துக்கும் விடியும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியென்றாலும் ஓட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.